நாயின் நாவும் நோவும்

அருணாசலத்தை வலம் வருகின்ற 14 கிலோ மீட்டர் வழியில், ஊர்ச் சந்தடியெல்லாம் பின்தங்கி, மலையின் மேற்குப் புறத்தில் ஓரளவு அமைதி நிலவும் இடத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. பெரிய கோயிலின் கோபுரங்களைக் கண்டு பிரமித்த கண்களுக்கு இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் ஆலயம் அடக்கமாகவே தோன்றும். அதற்கு அண்மையில், கிரிவலப் பாதையிலேயே, மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் உண்டு. அவர் இத்தலத்தில் தங்கித் திருவெம்பாவையைப் பாடினார் என்பது வழிவழியாக வந்த செய்தி. திருவாசகம் படித்தவர்கள் அறிவார்கள்: அப்பெருமான் தம்மைத் தாழ்த்திச் சொல்ல நினைக்கும்போதெல்லாம் நாயைத்தான் துணைக்கு அழைப்பார். கிரிவலப் பாதை நெடுகிலும் நாய்கள் காலை நீட்டிப் படுத்திருப்பதைக் காண்கையில், அவை அந்த ஒப்புமையைச் சற்றும் பொருட்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

அவை செய்யும் காரியங்கள் மூன்று. உறங்கும்; யாத்திரிகரின் கைப்பையை உற்றுப் பார்க்கும்; மற்ற நேரமெல்லாம் தம் உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். முதல் இரண்டைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்றாவதைக் குறித்தே இங்கே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். வீட்டில் நாய் வளர்ப்போரில் பலர், "எங்கள் நாய் ஓயாமல் காலை நக்குகிறது, அதட்டினாலும் கேட்பதில்லை" என்று குறைப்படுகிறார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று தள்ளிவிடுவோரும் உண்டு. நாய்க்கு அதன் எச்சிலே மருந்து என்று வாளாவிருப்போரும் உண்டு. இரண்டும் பாதி உண்மைகள். பாதி உண்மையை நம்பி மாதக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டால் துன்பப்படுவது வாயில்லாத ஜீவன்.

முதலில் இயற்கையைப் பார்ப்போம். நாய்க்கு நாக்கு என்பது நமக்குக் கையும் துவாலையும் சேர்ந்தது போன்றது. ஈன்ற தாய், குட்டியைச் சுற்றியிருக்கும் சவ்வை நக்கி அகற்றி, மூச்சை எழுப்புகிறது. பிறந்த சில வாரங்கள் வரை குட்டிகளால் தாமாக மலஜலம் கழிக்க இயலாது; தாய் நக்கிக் கொடுத்தால்தான் அது நடைபெறும். குட்டிகள் சற்று வளர்ந்ததும் தாயின் வாயை நக்குகின்றன. ஓநாய்க் குட்டிகள் இவ்வாறு நக்கினால், வேட்டையாடித் திரும்பிய பெரிய ஓநாய், உண்ட இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும் எஜமானரின் முகத்தை நாய் தாவித் தாவி நக்குவதன் பூர்வ கதை இதுதான். அன்பு என்று நாம் கொள்வது தவறன்று. ஆனால் அந்த அன்பின் அடியில் பழைய பசியும் ஒன்று ஒளிந்திருக்கிறது.

எச்சில் மருந்தென்ற நம்பிக்கைக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கவே செய்கிறது. 1990-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹார்ட் என்னும் அறிஞரும் அவருடன் ஆராய்ந்தவரும் நாயின் உமிழ்நீரைக் கிருமிகளின்மீது சோதித்தார்கள். ஈ. கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் ஆகிய இரு வகைக் கிருமிகளை அது அழித்தது. ஆனால் தோல் காயங்களில் பெரும்பாலும் குடிபுகும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமியிடம் அதன் வல்லமை அவ்வளவாகச் செல்லவில்லை. ஆகவே காட்டில் வைத்தியர் இல்லாத பிராணிக்கு நாக்கு ஏதோ ஒரு முதலுதவி. அதை முழு வைத்தியமாகக் கொள்வதற்கில்லை.

நிற்க. எவ்வளவு நக்கினால் அதிகம்? மணிக்கணக்கு எதுவும் வகுக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்குதல். பெயர் சொல்லி அழைத்தாலும், சோற்றைக் காட்டினாலும் அரை மனத்தோடு எழுந்து, மீண்டும் அதற்கே திரும்புதல். இரவில் அந்தச் சப்தத்தால் வீட்டார் விழித்துக்கொள்ளுதல். மயிர் உதிர்ந்து தோல் சிவத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் கவனிக்க வேண்டும். வெண்ணிற நாய்களில் இன்னோர் அடையாளமும் தெரியும். உமிழ்நீரில் உள்ள ஒரு நிறப்பொருள் மயிரைத் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பாக்கிவிடும். இராஜபாளையம் நாயை வளர்ப்பவர்கள் அதன் பாதங்களைப் பார்த்தே விஷயத்தை ஊகிக்கலாம்.

அடி அண்ணாமலையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். திண்ணையில் ஒரு நாட்டு நாய். பத்து நாட்களாக முன்னங்காலின் விரலிடுக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வீட்டில் நடக்கக்கூடிய விசாரணையை நேயர்கள் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம்.

"அத்தை, மணி காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டு விட்டானே!"

"நக்கினால் ஆறிவிடும், அம்மா. வேண்டுமானால் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவி விடு."

"தடவினால் அதையும் நக்கிவிடுகிறானே, அத்தை."

மருமகள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நாயின் தோலில் நாம் தடவுவதெல்லாம் சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். சொறி பிடித்த நாய்க்கு மண்ணெண்ணெயும், மோட்டார் வண்டியில் வடித்தெடுத்த பழைய எண்ணெயும் தடவும் வழக்கம் நம் நாட்டில் பல ஊர்களில் இருக்கிறது. இரக்கத்தினால் செய்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அவை தோலை எரிப்பவை. நக்கி உட்கொண்டால் விஷம். கற்பூரம் கலந்த தைலங்களும், மனிதர்களுக்கென்று வாங்கிய களிம்புகளும் அவ்வாறே தீங்கு செய்யக்கூடும். மனிதருக்கான பாரஸிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை வலிக்கென்று நாய்க்குக் கொடுப்பது பெரும் ஆபத்து. ஈரலும் சிறுநீரகமும் கெட்டு நாய் இறந்துபோதலும் உண்டு.

அவ்வீட்டார் செய்யத்தக்கது எளியது. நாயைப் பகல் வெளிச்சத்தில் படுக்க வைத்து, ஒருவர் தலையைத் தடவிக்கொண்டிருக்க, மற்றவர் விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலிக்கருவை முள் ஒன்று ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம். கண்ணாடிச் சில்லு இருக்கலாம். உண்ணி ஒன்று இரத்தம் குடித்துப் பருத்து அங்கே வசதியாக வீற்றிருக்கலாம். கோடையில் நண்பகலில் தார்ச்சாலை மீது நடந்த நாய்க்குப் பாதத்தின் அடித்தோல் வெந்து கொப்புளித்தலும் உண்டு. புறங்கையைச் சாலையில் வைத்துப் பார்த்தால், நம்மால் சில விநாடிகள் பொறுக்க முடியாத சூட்டில் நாயை நடத்தலாகாது என்பது தெரிந்துபோகும். ஒரே ஒரு காலை மட்டும் நாய் நக்கினால், காரணம் பெரும்பாலும் அந்தக் காலிலேயே இருக்கும். நான்கு பாதங்களையும், வயிற்றையும், காதையும் சேர்த்துச் சொறிந்து நக்கினால் விஷயம் வேறு. உடம்பு முழுவதிலும் ஓர் ஒவ்வாமை இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஒவ்வாமைகளில் நம் நாட்டில் முதலிடம் தெள்ளுப்பூச்சிக்கே தர வேண்டும். அதன் உமிழ்நீர் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடிகளே போதும். வாலடியையும் இடுப்பையும் கடித்துக் குதறிக்கொள்ளும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாயின்மேல் நாம் காணும் தெள்ளுப்பூச்சிகள் அவற்றின் குடும்பத்தில் ஒரு சிறு பகுதிதான். முட்டையும் புழுவும் கூடும் ஆகப் பெரும்பகுதி, நாய் படுக்கும் சாக்கிலும், தரைப் பிளவிலும், திண்ணை மூலையிலும் இருக்கின்றன. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் படுக்கையை விட்டுவைத்தால், ஒரு மாதத்தில் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்; வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒரே சமயத்தில் மருந்து இட வேண்டும். அம்மருந்தும் வைத்தியர் சொல்லிய மருந்தாக இருத்தல் அவசியம். நாய்க்குப் போடும் சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அரிப்பை மாத்திரம் தருவதில்லை. நம் தெருக்களில் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, எர்லிக்கியா என்ற கிருமியை இரத்தத்தில் செலுத்தி, காய்ச்சலும் சோகையும் உண்டாக்கி நாயை உருக்கிவிடும்.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். நாய் இதுவரை தின்றறியாத ஒரே வகை உணவை மட்டும் எட்டு வாரம் வரை கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கோத்துக்கூடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு கடினம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கிரிவலப் பாதையில் திரியும் நாய்க்கோ அறவே முடியாத காரியம். பௌர்ணமி தோறும் அதற்கு ஆயிரம் கைகள் பிஸ்கோத்து நீட்டுகின்றன.

வயதான நாய் ஒரு மூட்டையே நக்கினால் வாதநோவாக இருக்கலாம். பின்புறத்தை ஓயாமல் நக்கி, தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், ஆசனவாயின் இரு பக்கத்திலும் உள்ள சிறு பைகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். இவற்றை வைத்தியர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இன்னும் சில நாய்கள் தம்மை விட்டுவிட்டுத் தரையையும் சுவரையும் பாயையும் நக்கும். இது வெறும் பித்து என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. கனடாவில் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் இத்தகைய 19 நாய்களைப் பரிசோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்தது. சிலவற்றுக்குக் குடலில் அழற்சி. சிலவற்றுக்கு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதில் தாமதம். வயிற்றுக்கு வைத்தியம் செய்ததும், சிகிச்சை பெற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவை குணம் கண்டன. நெஞ்செரிச்சலை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத பிராணி, தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தது போலும்! பித்தென்று பெயர் சூட்டுமுன் வயிற்றைப் பார்ப்பது நியாயம்.

ஆனால் மனத்தின் பங்கே இல்லை என்று சொல்லவும் கூடாது. முன்னங்காலில், மணிக்கட்டுக்கு அருகே, ஒரே இடத்தை நக்கி நக்கித் தோல் தடித்து, மயிரற்று, நடுவே புண்ணாகிப் போகும் வியாதி ஒன்று உண்டு. லாப்ரடார், டாபர்மேன், அல்சேஷன் முதலிய பெரிய ஜாதிகளில் இது அதிகம். முதலில் ஒரு பூச்சிக்கடியோ மூட்டு வலியோ காரணமாக இருக்கும்; நக்குவதால் தோல் நைந்து கிருமி புகும்; கிருமியால் அரிப்பு மிகும்; அரிப்பால் நக்குதல் மிகும். நக்குவதில் நாய்க்கு ஒருவகை ஆறுதலும் கிடைக்கிறபடியால், மூல காரணம் மறைந்த பின்னும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். நாளெல்லாம் பூட்டிய வீட்டில் தனித்திருக்கும் நாய்க்கு வேறு பொழுதுபோக்குத்தான் என்ன? 1992-இல் அமெரிக்காவில் ராபோபோர்ட் என்னும் மனநல மருத்துவ அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும், கையை ஓயாமல் கழுவும் மனநோய்க்கு மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகளையே இந்நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நக்குதல் குறைவதைக் கண்டார்கள். இன்றும் கால்நடை மருத்துவர்கள் அவ்வகை மருந்துகளைத் தக்க சமயத்தில் கையாள்கிறார்கள். எனினும் உள்ளே பழுத்த கிருமியை ஒழிக்காமல் மனத்துக்கு மாத்திரம் மருந்து கொடுத்தால் பயன் இராது. ஆழ்ந்த புண்ணுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து மருந்து தேவைப்படும். புண் மேலே உலர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது.

கழுத்தில் மாட்டும் புனல் வடிவக் கவசத்தைப் பற்றிக் கேட்பார்கள். அது காவலன், வைத்தியன் அல்லன். புண் ஆறுமட்டும் நாக்கை விலக்கி வைக்கும். காரணத்தைத் தேடாமல் அதை மட்டும் மாட்டி வைத்தால், முள் தைத்தவன் கையைக் கட்டிப்போட்ட கதையாகிவிடும். அதட்டுவதாலும் பயனில்லை. தனிமையில் வாடும் நாய்க்கு அதட்டலும் ஒரு கவனிப்பே. நக்கினால் யாரோ வருகிறார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். காலையும் மாலையும் நடத்திச் செல்வதும், கடிக்க ஏதேனும் கொடுப்பதும், வெளியே போய்வந்ததும் பாதத்தைத் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைப்பதும் இதைவிட நல்ல பலன் தரும். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது 1903-இல். அதன் பின் இத்தனை ஆண்டுகளில் அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் சிற்றூர்கள் வரை பரவியிருக்கின்றன. மாட்டுக்கென்று அங்கே போகும் நம்மவர்கள் நாய்க்கென்று போகக் கூச்சப்படுவது ஏனோ தெரியவில்லை.

இத்தலத்தில் அந்தக் கூச்சம் இருந்ததில்லை என்பதற்குச் சான்று மலையின் தெற்கே இருக்கிறது. ரமணாசிரமத்தில் லக்ஷ்மி என்னும் பசுவின் சமாதிக்கு அருகே ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதிகள் உள்ளன. ரமண மகரிஷி மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் வாழ்ந்த நாட்களில் கமலா என்ற நாய், புதிதாக வந்தவர்களை அழைத்துச் சென்று தீர்த்தங்களையும் சந்நிதிகளையும் காட்டிவரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாயை 'அது' என்று சொல்லாமல் 'அவன்', 'அவள்' என்றே மகரிஷி குறிப்பிடுவார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால், அங்கே நாய்களைத்தான் கேட்கிறார் என்று அன்பர்கள் அறிந்துகொள்வார்கள். தொல்காப்பியர் அஃறிணையில் வைத்ததை உயர்திணைக்கு மாற்ற ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அவருக்கு உண்டு. அண்மைக் காலத்திலும் அருணாசலா என்ற பெயரோடு ஒரு விலங்குச் சரணாலயம் திருவண்ணாமலையில் ஏற்பட்டு, தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் காயங்களுக்குச் சிகிச்சையும் அளித்து வந்தது.

இனி, நாய் தன்னை நக்காமல் நம்மை நக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையில் நேயர்கள் அசட்டையாகப் படிக்கக் கூடாத பகுதி இதுவே. கிரிவலம் செல்வோர் பெரும்பாலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாதி வழியில், அடி அண்ணாமலையை நெருங்கும்போது, பலருக்குக் காலில் கொப்புளம் உடைந்திருக்கும். கல் குத்தி இரத்தம் கசிந்திருக்கும். ஓரிடத்தில் அமர்கிறார்கள். சாதுவான நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வந்து அந்தக் காலை நக்குகிறது. பைரவரே வந்து உபசரித்தார் என்று சிலர் மகிழவும் கூடும். தோல் முழுமையாக இருக்குமானால் கழுவிவிட்டு மகிழலாம். தோல் கிழிந்த இடத்தில் நாக்குப் பட்டால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில் அது மூன்றாம் வகை. அதாவது இரத்தம் வரக் கடித்ததற்குச் சமானம். கண், வாய், மூக்கின் உட்புறம் ஆகிய மெல்லிய தோல்களில் எச்சில் பட்டாலும் அப்படியே. வெறிநோயின் விஷக்கிருமி எச்சிலில்தான் இருக்கிறது. நோயின் குறிகள் வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே எச்சிலில் அது தோன்றிவிடுமாதலால், பார்வைக்குச் சாதுவாக இருப்பது அத்தாட்சி ஆகாது.

தென்னிந்தியாவில் இதற்கு வைத்தியம் கிடையாதிருந்த காலம் ஒன்று உண்டு. பாஸ்டர் 1885-இல் பாரிஸில் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைக் காப்பாற்றிப் பல ஆண்டுகள் கழித்தும், இங்கே கடிபட்டவர் வடக்கே இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது. 1907-இல்தான் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் வழங்கிய ஊசி, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் போடுவார்கள். அந்தப் பதினான்கு ஊசியின் பயம் இன்னும் நம் வீட்டுப் பெரியவர்களை விட்டு அகலவில்லை; அதனாலேயே நாய் நக்கிய சங்கதியைக் குழந்தைகள் மறைக்கிறார்கள். அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது கையில் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளிலும், அதன் பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

ஊசிக்கு முன்னால் சோப்பும் தண்ணீரும். எச்சில் பட்ட காயத்தை ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்பது விளங்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புதல் கூடாது. மூன்றாம் வகைக்கு ஊசியோடு கூட, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பு மருந்து ஒன்றும் வேண்டும். 'காயத்தின்மேல் நக்கியது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொன்னால்தான் அதைப் போடுவார்கள். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்ப்பது நல்லதே. ஆனால் அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாகாது. நாய் பத்து நாளும் ஆரோக்கியமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். கிரிவலப் பாதையில் நக்கிய நாயைப் பத்தாம் நாள் தேடிக் கண்டுபிடிப்பது யாருக்கும் ஆகாத காரியமாதலால், வெளியூர் யாத்திரிகர்கள் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டே தீர வேண்டும். முதல் ஊசியைத் திருவண்ணாமலையிலேயே போட்டுக்கொண்டு, சீட்டைக் கையோடு கொண்டுபோனால், மற்றவற்றை அவரவர் ஊர் ஆஸ்பத்திரியில் தொடர்ந்துகொள்ளலாம்.